டாக்டர் ஹாக்லண்டின் ஜெட்டும் பதினொரு பக்கப் படிவமும்

இனி உயிர் உள்ளவரை அரசாங்கத்தின் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று ஓய்வுபெற்ற பல் டாக்டர் டுவேன் ஹாக்லண்ட் சபதம் எடுத்தார். மே மாதம், செவ்வாய்க்கிழமை, காலைச் சாப்பாட்டு நேரம். கையில் முட்டை குத்திய முள்கரண்டி. சபதத்துக்கு அடையாளமாக, அன்று வந்த கடிதத்தைத் தலைப்பு மட்டும் படித்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டார்.

அவர் மனைவி ஆர்லிஸ் குனிந்து அதை எடுத்தாள். அதில் ஒட்டியிருந்த காபித் தூளைத் தட்டிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். இருபத்தாறு வருடம் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள். எழுத்து இருக்கும் எதையும் கடைசிப் புள்ளி வரை படிக்காமல் கீழே வைக்கமாட்டாள். ஷாம்பு பாட்டிலைக்கூட.

"முன்னாள் ராணுவ ஜெட் வச்சிருக்கிற தனியாருக்குப் பாதுகாப்புச் சோதனையாம்," என்றாள்.

"தெரியும். படிச்சேன்."

"தலைப்பைத்தானே படிச்சே. உள்ள என்ன இருக்குன்னா..."

"வேண்டாம். உள்ள என்ன இருந்தாலும் வேண்டாம். முப்பத்தோரு வருஷம் இந்த ஊர்ல அத்தனை பேர் வாயையும் திறக்கச் சொல்லி உள்ள பாத்தவன் நான். இப்ப எவனோ வந்து என் வாயைத் திறன்னு சொல்றான்."

"அனுப்பலேன்னா ஜூலை நாலாம் தேதி சுதந்திர தினத்துக்குப் பறக்க முடியாதாம்."

"பறப்பேன்."

"ஜெட்டோட சொந்தக்காரர் பேருக்கு வந்திருக்கு. வேற யாராவது சொந்தக்காரரா இருந்தா, இது அவங்களுக்குப் போயிருக்கும்." மடித்துத் தன் மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். "அது இருக்கட்டும். கூரை ஓரத்து மழைத்தண்ணிக் கால்வாயில இலை அடைச்சிருக்குன்னு சொன்னேனே?"

"எடுத்தாச்சு."

"எப்ப?"

"சனிக்கிழமை. நீ சர்ச்சுக்குக் கேக் கொண்டு போயிருந்தே."

எடுக்கவில்லை. ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்தார், அதுவரை உண்மை. வீட்டு வேலையில் ஏணி வைப்பதுதான் பெரும்பகுதி என்பது அவர் கருத்து.

ஊர்க்கோடியில், சோளக்காட்டை ஒட்டிய சிறிய ஓடுபாதைக்குப் பக்கத்தில், தகரக் கொட்டகையில் அந்த ஜெட் நின்றது. செக் நாட்டில் செய்தது. பல்கேரிய விமானப்படையில் இருபது வருடம் பையன்களுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, துப்பாக்கியும் குண்டு மாட்டும் கொக்கியும் கழற்றப்பட்டு, கப்பலேறி அமெரிக்காவின் மினசோட்டாவுக்கு வந்தது. அது கிளம்பினால் மூன்று மைல் சுற்றளவில் மாடுகள் பால் கறக்க விடாது. ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு இருக்கை. பின் இருக்கையில் பாதிரியார் போயிருக்கிறார். கறிக்கடைக்காரர் இரண்டு முறை போயிருக்கிறார். ஆர்லிஸ் ஒருமுறைகூட இல்லை.

எடை, சமநிலை என்று அவளிடம் ஏதோ சொல்லி வைத்திருந்தார். கறிக்கடைக்காரர் அவளைப் போல இரண்டு மடங்கு. உண்மைக் காரணம் வேறு. காரில் ஆர்லிஸ் பக்கத்தில் உட்கார்ந்தால், ஓட்டுவது மட்டும்தான் டுவேன். எப்போது திரும்புவது, எந்த லாரியைத் தாண்டுவது, எங்கே ஒண்ணுக்கு இறங்குவது, எல்லாம் அவள் முடிவு. மனுஷனுக்கு உலகத்தில் ஒரே ஓர் இடமாவது வேண்டாமா, யாரும் "மெதுவா" என்று சொல்லாத இடம்? இறக்கைக்கு அடியில் உட்கார்ந்து இந்தக் கேள்வியை அவர் பலமுறை கேட்டுக்கொண்டதுண்டு. வேண்டும் என்றுதான் பதில் வரும். ஆனால் அந்தப் பதிலைச் சொன்னவன் நல்லவனா என்று இன்னொரு கேள்வியும் கூடவே வரும். அப்போது எழுந்து ஜெட்டின் கண்ணாடியைத் துடைப்பார்.

மறுநாள் காபிக் கடையில், வான்கோழிப் பண்ணை லோவலிடம் தன் மூளையில் உதித்த திட்டத்தை வெளியிட்டார்.

"சோதனை யாருக்கு? சொந்தக்காரனுக்கு. நான் சொந்தக்காரன் இல்லேன்னா?"

"இல்லேன்னா?"

"ஜெட்டை ஆர்லிஸ் பேருக்கு எழுதிடறேன். அவங்க அவளைத் துருவட்டும். நான் பாட்டுக்குப் பறப்பேன். அரசாங்கப் படிவத்துல ஒரு கையெழுத்துகூட இல்லாம."

லோவல் காபியைக் கலக்கினார். கலக்கிக்கொண்டே இருந்தார். "டாக்டர், ஆர்லிஸ் பேருக்கு எழுதறது... நல்லா யோசிச்சியா?"

"சர்ச்சுல ருபார்ப் கேக் சுடறவ. அவளைப் பத்தி எந்த அரசாங்கம் என்னத்தைக் கண்டுபிடிக்கும்?"

"அரசாங்கத்தைப் பத்தி நான் கேக்கல," என்றார் லோவல். "நாலாம் தேதி எத்தனை மணிக்குப் பறப்பேன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடு. போன வருஷம் என் வான்கோழி அத்தனையும் ஒரே மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நின்னுச்சு. அந்த வாரம் பூரா எதுவும் தீனி திங்கல."

ஜெட்டைத் தன் பேருக்கு மாற்றும் பத்திரத்தை ஆர்லிஸ் மூன்று முறை படித்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இது நிஜமாவா, சும்மாவா?"

"காகிதத்துல நிஜம்."

"காகிதத்துல நிஜம்னா நிஜம்தான், டுவேன்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்து எப்போதும்போல ஒவ்வோர் எழுத்தும் தெரிகிற மாதிரி இருந்தது.

மூன்று வாரம் கழித்து அவளுக்கு அனுமதி வந்தது. டுவேன் அன்றைக்கு ஊரையே ஜெயித்தவர்போல நடந்தார். தபால்காரருக்குத் தானாக வணக்கம் சொன்னார். மறுநாள் காலை, பயிற்சிக்கு ஒரு சுற்றுப் பறந்து வரலாம் என்று கொட்டகைக்குப் போனார். கதவில் புதுப் பூட்டு தொங்கியது. அவருடைய சாவி அதற்குள் நுழையவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது ஆர்லிஸ் அடுப்பிலிருந்து, கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கொட்டகைல எவனோ பூட்டு மாத்தியிருக்கான்."

"நான்தான். சொந்தக்காரர் பாதுகாப்பான பூட்டுப் போடணும்னு இருக்கு. உனக்குச் சாவி வேணும்னா மேஜை மேல பாரு."

மேஜை மேல் சாவி இல்லை. ஒரு படிவம் இருந்தது. தடிமனாக.

"இது என்ன?"

"ஓட்டுநர் படிவம். பதினொரு பக்கம்."

"உனக்கு எத்தனை பக்கம்?"

"ஒண்ணு. நாலு கேள்வி. சொந்த ஜெட்டை யாரு வச்சிருக்காங்க, எங்க நிக்குது, அவ்வளவுதான். சொந்தக்காரரே ஓட்டறதா இருந்தாலும் அந்த ஒரு பக்கம்தான். அடுத்தவங்க ஜெட்டை ஓட்டற ஆளுக்குத்தான் பதினொண்ணு. அதைச் சொந்தக்காரர் சரிபார்த்து, இந்த ஆள் நம்பிக்கையானவர்னு கையெழுத்துப் போடணும்."

டுவேன் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "இதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொல்ல வந்தேன். உள்ள என்ன இருந்தாலும் வேண்டாம்னே."

"நான் அடுத்தவனா, ஆர்லிஸ்?"

"காகிதத்துல," என்றாள். "சாப்பிடு, ஆறிடும்."

அவர் சாப்பிடவில்லை. எதிர்ப்பு என்றால் எதிர்ப்புதான். எட்டு நாள் அந்தப் படிவத்தைத் தொடவில்லை. அதன் மேலேயே காபிக் கோப்பையை வைத்தார். ஒவ்வொரு முறையும் ஆர்லிஸ் கோப்பைக்கு அடியில் ஒரு சின்ன விரிப்பைப் போட்டாள். ஒன்பதாம் நாள் அவரே விமானப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தார். ஒரு ராணுவ ஜெட்டை, பறக்கவே தெரியாத ஒருத்தர் பூட்டி வைத்திருக்கிறார், உடனே வந்து சோதனை போடுங்கள் என்றார். அரசாங்கத்தையே வேண்டாம் என்றவன் அரசாங்கத்தைக் கூப்பிடுகிறோமே என்று போனை வைத்த பிறகு உறைத்தது. உறைத்ததை அதிக நேரம் வைத்துக்கொள்ளவில்லை.

டெரில் பெக் என்ற அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர், பெரிய பை. கொட்டகையில் ஆர்லிஸ் அவருக்கு ருபார்ப் கேக் வெட்டி வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு பதிவேடு. யார் வந்தார், எப்போது வந்தார், எதைத் தொட்டார், ஏன் தொட்டார்.

டுவேன் உள்ளே நுழைந்தார். ஆர்லிஸ் வந்து அவர் சட்டையில் ஓர் அட்டையைக் குத்தினாள். 'வருகையாளர்' என்று எழுதியிருந்தது.

"இந்த மாநிலத்துல இருபத்தேழு ஜெட் பாத்திருக்கேன்," என்றார் பெக், பதிவேட்டைப் புரட்டியபடி. "இப்படி ஒரு பதிவேட்டை எங்கயும் பாக்கல, மேடம்."

"இன்னொரு துண்டு எடுத்துக்கங்க," என்றாள் ஆர்லிஸ்.

"சார், இது என் ஜெட்," என்றார் டுவேன்.

பெக் காகிதத்தைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். "உங்க பேரு இதுல இல்லையே."

"திரும்ப என் பேருக்கு மாத்திக்கறேன். இன்னிக்கே."

"தாராளமா. ஆனா ராணுவ ஜெட் ஒருமுறை கை மாறினா, மறுபடி மாற ஒரு வருஷம் ஆகணும். கடிதத்துலயே போட்டிருந்தோமே, கடைசிப் பத்தி." கேக்கை விழுங்கிவிட்டு ஆர்லிஸ் பக்கம் திரும்பினார். "நாலாம் தேதி பறக்க ஆள் இல்லேன்னா சொல்லுங்க மேடம். அனுமதி வாங்கின ஓட்டுநர் பட்டியல் என்கிட்ட இருக்கு. வில்மர்ல ஒரு பையன் நல்லா ஓட்டுவான்."

வில்மர் பையன். அந்த இரண்டு வார்த்தைதான் டுவேனின் முதுகெலும்பை முறித்தது. பன்னிரண்டு வருடமாக ஜூலை நான்காம் தேதி ஊரே தலையை நிமிர்த்திப் பார்ப்பது அவரை. பல் பிடுங்கிய காலத்தில் அவரைப் பார்த்தாலே தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போனவர்கள், அந்த ஒரு நாள் மட்டும் கையை ஆட்டினார்கள்.

அன்று சாயங்காலமே படிவத்தை எழுத உட்கார்ந்தார். முதல் பக்கத்தில் பெயர், பிறந்த ஊர். நான்காம் பக்கத்தில் கோபம் வந்தால் என்ன செய்வீர்கள். ஆறாம் பக்கத்தில் உறவினர் அல்லாத, உங்களைப் பற்றி நல்லது சொல்லக்கூடிய இருவர். லோவல் பெயரை எழுதிவிட்டு, இரண்டாவது ஆளுக்காக இருபது நிமிடம் யோசித்தார். யோசிக்க யோசிக்க வருத்தமாக இருந்தது. கடைசியில் கறிக்கடைக்காரரைப் போட்டார்.

ஏழாம் பக்கம், மூன்றாவது கேள்வி: சொந்தக்காரரிடம் உண்மைக்கு மாறாக எதையாவது எப்போதாவது சொன்னதுண்டா?

'இல்லை' என்று எழுதினார். கொஞ்சம் அழுத்தியே எழுதினார்.

ஆர்லிஸ் பதினொரு பக்கத்தையும் நின்றபடியே படித்தாள். ஏழாம் பக்கத்தில் கண்ணாடிக்கு மேலாக அவரை ஒருமுறை பார்த்தாள். முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீல மை."

"அதனால?"

"கறுப்புலதான் எழுதணும்."

"ஆர்லிஸ், நமக்குக் கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம்."

"அதையும் கறுப்புலதான் எழுதினோம்."

மறுபடி எழுதினார். அவள் கடைசிப் பக்கத்தில், 'சொந்தக்காரரின் நிபந்தனைகள்' என்ற இடத்தில் ஒரே வரி எழுதிக் காட்டினாள். பின் இருக்கையில் சொந்தக்காரர் இருப்பார்.

டுவேன் நிமிர்ந்தார். எதிர்ப்பில் மிச்சமிருந்தது கைப்பிடி அளவு. அதைத் திரட்டிக்கொண்டார். "சரி, வா. ஆனா எனக்கும் ஒரு நிபந்தனை. மேல போனதும் வாயைத் திறக்கக் கூடாது. திரும்புன்னு சொல்லக் கூடாது, மெதுவான்னு சொல்லக் கூடாது. ஜெட்டு உன்னோடது, வானம் என்னோடது."

"சரி," என்று உடனே ஒத்துக்கொண்டாள். அத்தனை சீக்கிரம் ஒத்துக்கொண்டதில் அவருக்கு லேசாகச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நான்காம் தேதி வெயில் நன்றாக அடித்தது. பின் இருக்கையில் அவளை வைத்து வாரை இறுக்கினார். கழுத்தில், பறவை பார்க்கும் தொலைநோக்கியை மாட்டியிருந்தாள்.

"இந்தச் சிவப்புக் கைப்பிடி எதுக்கு?"

"ஆபத்துல இழுத்தா இருக்கையோட ஆளை வெளிய வீசும். இப்ப வேலை செய்யாது. வெடியைக் கழட்டியாச்சு."

"முன்னாடி இருக்கிறவரை வீசுமா, பின்னாடி இருக்கிறவரையா?"

"அதான் வேலை செய்யாதுன்னேனே."

"சும்மா கேட்டேன்."

கிளம்பினார்கள். சோளக்காடு கீழே நழுவியது. தானியக் கிடங்கின் கோபுரம், ஏரி, கொடி பிடித்த பள்ளிக்கூடப் பிள்ளைகள், பேண்டு வாத்தியக்காரர்களின் வெள்ளைத் தொப்பிகள். ஊரே தலையை நிமிர்த்தியது. லோவலின் வான்கோழிக் கொட்டகைக்குள் நடந்ததை நல்லவேளையாக யாரும் பார்க்கவில்லை. டுவேன் இறக்கையைச் சாய்த்து ஆட்டினார், கீழே கைகள் ஆடின. எந்தப் படிவத்தாலும் இதைப் பறிக்க முடியாது என்று நினைத்தார். பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஹெட்போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது, சின்னப் பெண்ணின் மூச்சு மாதிரி, கொஞ்சம் வேகமாக. பன்னிரண்டு வருடம் இவளை ஏன் கூட்டி வரவில்லை? எதற்குப் பயந்தோம்? அவளுக்குக் காட்டலாம் என்று, தங்கள் வீட்டுக்கு மேலாக ஒரு பெரிய வட்டம் போட்டார்.

"டுவேன்," என்றது ஹெட்போன்.

"சொல்லு, கண்ணு," என்றார், மனம் நெகிழ்ந்து.

"ஏழாம் பக்கம், மூணாவது கேள்வி."

"என்ன?"

"கூரைக் கால்வாயில வரிசையா மேப்பிள் மரக்கன்னு முளைச்சிருக்கு. இறங்கினதும் சாவியை என்கிட்ட குடுத்துட்டு ஏணில ஏறு."