வானத்துப் பெட்டி வழக்கில் என் தீர்ப்பு

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அத்தைக்கு, உங்கள் அண்ணன் மகள் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அப்பா நலமாக இருப்பதுபோல் நடிக்கிறார். அங்கே நீங்களும் அதையே செய்துகொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் வந்து நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆகிவிட்டன. என் அல்ஜீப்ரா நீங்கள் விட்ட பக்கத்திலேயே நிற்கிறது. அந்தச் சண்டையின்போது நானும் சாப்பாட்டு மேசையில்தான் இருந்தேன், படிப்பதுபோல. உங்கள் கம்பெனி செயற்கைக்கோளில் கணினி வைத்து அனுப்பப்போகிறது, மேலே வெயிலுக்குப் பஞ்சமில்லை, இடத்துக்கும் தண்ணீருக்கும் யாரிடமும் கேட்டு நிற்க வேண்டாம் என்று நீங்கள் சொல்லும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அம்மாதான் குழம்பை ஊற்றிக்கொண்டே, "மேல குளிரா வேற இருக்கும், ஏசியே வேண்டாம்ல?" என்று கேட்டுவிட்டார். ஆபீஸ் கணினிகள் ஓடுகிற சர்வர் ரூமைக் குளிர வைத்தே பதினெட்டு வருடம் குடும்பம் நடத்துகிற மனிதரின் முன்னால் கேட்கலாமா? "காத்தே இல்லாத எடத்துல சூடு எங்கடி போகும்? உன் பொட்டி வெந்துதான் சாகும்" என்று அப்பா உங்களைப் பார்த்துச் சொன்னார். "அண்ணா, அந்த ரூம்லயே உக்காந்து உக்காந்து உலகமே அந்த ரூம் அளவுதான்னு நெனச்சிட்ட" என்று நீங்கள் சொன்னீர்கள். அதோடு நீங்கள் கைப்பையை எடுத்தீர்கள், அப்பா தட்டைத் தள்ளினார்.

உண்மை எதுவென்று தெரிந்துவிட்டால் சண்டை தானாக முடிந்துவிடும் என்பது என் கருத்து. அறிவியல் புத்தகங்களில் அப்படித்தான் முடிகிறது. ஆகவே பள்ளி நூலகத்தில் மூன்று புத்தகங்கள் எடுத்துப் படித்துவிட்டு, இரண்டு சோதனைகள் செய்தேன்.

முதல் சோதனைக்கு வீட்டு ஃபிளாஸ்க். அதன் இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்று இல்லை, செயற்கைக்கோள் சுற்றுகிற உயரத்திலும் இல்லை. ஃபிளாஸ்க்கில் ஒரு லிட்டரும் பாத்திரத்தில் ஒரு லிட்டரும் வெந்நீர் ஊற்றி வைத்தேன். ஆறு மணி நேரத்தில் பாத்திரம் ஆறிப்போனது, ஃபிளாஸ்க் தண்ணீர் விரலைச் சுட்டது. மேலே போகிற கணினியும் தன் சூட்டைத் தானே கட்டிக்கொண்டு தவிக்கும். அகலமான தகடுகளை விரித்து மெல்ல மெல்லத்தான் அதை வெளியே வீச முடியும். பழுதானால் ஏறிப்போய்த் திருகவும் ஆளில்லை. அப்பா ஃபிளாஸ்க்கை வெற்றிக் கோப்பைபோலத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். "ஜெயிச்சவரு அதைக் கழுவி வச்சிடுங்க" என்றார் அம்மா.

இரண்டாவது சோதனையில் அப்பாதான் செயற்கைக்கோள். மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, வானம் ஒரு பக்கம் கறுத்திருந்தது, எடுக்கலாமா வேண்டாமா என்று கீழே அம்மாவுக்குத் தெரிய வேண்டும். அப்பா மாடியில் நின்று வானத்தைப் படமெடுத்து அம்மாவின் போனுக்கு அனுப்பலாம், ஆனால் சொந்தமாக எதையும் யோசிக்கக் கூடாது என்பது விதி. அப்பா விதியை மிகவும் மதித்தார். நாற்பது படம் எடுத்தார். அவற்றில் முப்பத்தொன்று வெறும் மேகம், இரண்டு அவருடைய கட்டைவிரல். சிக்னல் மெதுவாக இருந்ததால் படங்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. பன்னிரண்டாவது படம் வரும்போது மழையே வந்துவிட்டது. என் பள்ளிச் சீருடை உட்பட எல்லாம் நனைந்தது. அப்பாவும் நனைந்தார், ஏனென்றால் உள்ளே வா என்று யாரும் கட்டளை அனுப்பவில்லை.

"மழை வருதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதாதா?" என்று அம்மா கத்தினார். அத்தை, உங்கள் கணினி எதற்காக மேலே போக வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது! படம் எடுக்கிற இடத்திலேயே கொஞ்சம் யோசிக்க முடிந்தால், மேகங்களை அங்கேயே கழித்துவிட்டு, காடு எரிகிறது, ஆறு கரையைத் தாண்டுகிறது என்பதை மட்டும் உடனே கீழே சொல்லிவிடலாம். தலையைத் துவட்டியபடி அப்பா உள்ளே வந்து உட்கார்ந்தார். பிறகு, "எங்க ரூம்லயும் அலாரம் அப்படித்தான். சூடு ஏறினாத்தான் கூப்பிடும். நிமிஷத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டா மனுசன் வேலை பாக்க முடியுமா?" என்றார்.

ஆகவே என் தீர்ப்பு: பூமியின் கணினிகளை எல்லாம் மேலே கொண்டுபோவது இப்போதைக்கு நடக்கிற காரியமில்லை, அதில் அப்பா சரி. ஆனால் மேலே பிறக்கிற செய்தியை மேலேயே வடிகட்டச் சிறிய கணினி வேண்டும், அதில் நீங்கள் சரி. இருவரும் பாதிப் பாதி என்பதால் கோபிக்கக் காரணமே மிச்சமில்லை. வரும் ஞாயிறு வந்துவிடுங்கள்.

உங்கள் கணினி சூடாகாமலும் நீங்கள் சூடாகாமலும் இருக்க வேண்டிக்கொள்ளும்,
உங்கள் மருமகள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, "பொட்டி வெந்தா எனக்கென்ன, வேகாட்டி எனக்கென்ன? அந்த வேலைக்காக ஊர விட்டே போறா. அத அவளுக்குத் துணி தைக்கிற எதிர்வீட்டு டைலர் சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா?" என்றார். நீங்கள் போவது எனக்கும் இப்போதுதான் தெரியும். ஆகவே மேலே உள்ள நான்கு பக்கத்தையும் தள்ளிவிடுங்கள். போகிற தேதியை அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள். அதை டைலரிடமே கேட்டு, உங்களை வழியனுப்ப அன்றைக்கு அப்பா ஏற்கெனவே லீவு எழுதிக் கொடுத்துவிட்டார், ஆனாலும் சொல்லுங்கள்.