மகளுக்குத் துணையாகப் படித்தவர்

"இனிமே இந்த வீட்ல படிப்புன்னா படிப்புதான்" என்று அறிவித்துவிட்டு, டிவியின் வயரைப் பிடுங்கினார் கொதிகலன்காரர்.

அவருக்கு நேரம் சரியில்லை. துணி ஆலையில் கொதிகலனைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஆலை கைமாறியதும், சான்றிதழ் இல்லாத எவரும் கொதிகலன் பக்கமே வரக்கூடாது என்றுவிட்டார்கள் புது முதலாளிகள். சான்றிதழ் இல்லாமல் கூட வேலை பார்த்த பெரியவர் அன்றே டிபன் கேரியரோடு வெளியே போனவர் போனவர்தான். சான்றிதழுக்குப் பரீட்சை எழுத வேண்டும். போன தடவை கேள்வித்தாளைப் பார்த்ததுமே கை நடுங்கி, வெள்ளைத்தாளை நீட்டிவிட்டு வந்தவர் இவர். ஆவியை அடக்கியே தலை நரைத்தவருக்குப் பரீட்சை என்றால் ஆவி அடங்கிவிடும். பரீட்சைக்கான கொதிகலன் புத்தகத்தை அலமாரி மேல் எறிந்துவிட்டு, சோறு இறங்காமல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் மனைவி அந்தக் குண்டைப் போட்டாள்.

"பொண்ணோட டீச்சரைப் பாத்துட்டு வரேன். வீட்ல படிப்பு சரியில்லைங்க."

"அவ மார்க்கைக் காட்டு."

"வேணாம். இருக்கிற கவலை போதும் உங்களுக்கு."

தன் கதி மகளுக்கும் வந்துவிடுமோ என்று பயந்தார். அதனால்தான் டிவி வயர்.

"வயரைப் பிடுங்கினா படிப்பு வந்துடுமா? பக்கத்துல உக்காருங்க" என்றாள் மனைவி.

"உக்காந்து?"

"நீங்களும் படிங்க. சும்மா இருந்தா அவ உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருப்பா."

"நான் என்னத்தைப் படிக்கிறது?"

வீட்டில் பெரியவர்கள் படிக்க ஒரே ஒரு புத்தகம்தான் இருந்தது. அதைத் தூசி தட்டி அவர் மடியில் வைத்தாள்.

தினமும் விளக்கேற்றும் வேளைக்கு அப்பனும் மகளும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் எழுந்தால் அவளும் எழுந்தாள். அவர் கொட்டாவி விட்டால் அவளும் விட்டாள். வேறு வழியில்லாமல் அவர் பக்கத்தைப் புரட்டினார்.

"வால்வு திறக்கலைன்னா என்னப்பா ஆகும்?" என்பாள் அவள். அவளுக்குச் சொல்லச் சொல்ல, மிரட்டிய எழுத்தெல்லாம் கையால் தொட்டுப் பழகிய இரும்பாக மாறியது.

தன் பள்ளிப் பரீட்சைக்கு முந்தின நாள் மகள் புத்தகத்தை மூடினாள்.

"எனக்குப் பயமா இருக்கு. நான் போகலை."

"பயந்தா ஆச்சா? போய் உக்காரு. தெரிஞ்சதை எழுது."

"உங்க பரீட்சைக்கு நீங்க போவீங்களா?"

சமையலறையில் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது.

"போறேன்."

போனார். கை நடுங்கியது. நடுங்கும் கையாலேயே எழுதினார், தேறினார். அதே வாரம் அவரோடு எழுதித் தேறாதவர்களை ஆலை அனுப்பிவிட்டது. அவர்கள் கழற்றி மாட்டிய காக்கிச் சட்டைகளைப் பார்த்தவருக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. மகளைக் கரையேற்றிவிட்ட திருப்தி ஒன்றுதான் மிச்சம். அதையாவது நாலு பேர் காதில் போடலாம் என்று பள்ளிக்கூடம் போனார்.

"பக்கத்துல உக்காந்து படிக்க வச்சேங்க. இப்ப தேறிட்டாளா?" என்றார் டீச்சரிடம்.

டீச்சர் விழித்தாள். "அவ எப்பவுமே வகுப்புல முதல் மார்க்காச்சே?"

"அப்புறம் எதுக்கு எங்க வீட்டுக்காரியை வரச் சொன்னீங்க?"

"நான் எங்க வரச் சொன்னேன்? அவங்களாத்தான் யோசனை கேட்டு வந்தாங்க. பரீட்சைன்னா பயந்து ஓடுற ஒருத்தர் வீட்ல இருக்காராம்" என்ற டீச்சர், கரிசனத்தோடு குரலைத் தாழ்த்தினாள். "பாவம், அவர் பாஸ் பண்ணிட்டாருங்களா?"