மாப்பிள்ளையின் அறுபத்து மூன்று விதிகளை நான் காலி செய்த விவரம்

விருத்தாசலம்,
6.8.2004

மதிப்புக்குரிய மாப்பிள்ளை தமிழ்ச்செல்வன் அவர்களுக்கு, மாமனார் நல்லமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் வீரம்மாளும் பழமலைநாதர் புண்ணியத்தில் சுகம். அங்கே நீங்களும் பூர்ணிமாவும் சுகமா? இந்த வயதில் வளர்கல்வி மையத்துக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றபின் நான் எழுதும் முதல் கடிதம் இது. நல்ல சேதி எழுத ஆசைப்பட்டேன். போனில் சொல்ல வாய் வராததால் இதை எழுதுகிறேன்.

பீங்கான் ஏன் வெடிக்கிறது, ஏன் நெளிகிறது என்று கேட்டால் கம்ப்யூட்டரே காரணம் சொல்லும்படி செய்யப் போகிறேன் என்று நீங்கள் சம்பள வேலையை விட்டு வந்து, இரண்டு மாதம் எங்கள் பீங்கான் கம்பெனியின் சூளை மேஸ்திரி ஜெயராஜை உட்காரவைத்துக் கேள்வி கேட்டீர்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் கையெழுத்துப் பழகிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதையெல்லாம் அறுபத்து மூன்று விதிகளாக்கி ஒரே ஒரு பிளாப்பியில் வைத்தீர்கள், வேறு நகல் இல்லை. இருபதாம் தேதி முதலாளிமார் வந்து பார்க்கிறார்கள், அதற்குள் கம்பெனி ஆபீஸ் கம்ப்யூட்டரில் இதை ஏற்றிவையுங்கள் மாமா என்று, என்னென்ன அடிக்க வேண்டும் என ஒரு தாளில் வரிசையாக எழுதி என் கையில் கொடுத்துவிட்டுச் சென்னைக்குப் போனீர்கள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ஆபீஸ் கிளார்க்கு அன்பரசன், "நவுருங்க பெரியவரே, நான் அடிச்சுக் குடுக்குறேன்" என்றார். "இது எங்க மாப்ள எனக்கு எளுதிக் குடுத்தது" என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் என் புத்தி கெட்டது.

கறுப்புத் திரையில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தேன். அடைப்புக்குறி ஒன்றை விட்டதற்கு ஏழு தடவை தப்பு என்றது, கோபப்படவில்லை. நடுவில் கரண்டு போனது, மறுபடி முதலிலிருந்து அடித்தேன். சாயங்காலம் லோடு ஆனது மாப்பிள்ளை! ரன் கொடுத்தேன். வெடிப்பு ஓரத்திலா நடுவிலா என்று கேட்டது. ஓரம் என்றேன். சூளையைச் சீக்கிரம் திறந்துவிட்டீர்கள் என்றது. அச்சு அசல் ஜெயராஜ்! அன்பரசன் எழுந்து வந்து பார்த்தார். அத்துடன் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் முப்பத்திரண்டு வருடம் சூளை ஏற்றி இறக்கியவன் நான். வேலை முடிந்தால் சூளையைக் காலி செய்து கூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். உங்கள் தாளின் கீழே, "கிளியர்: எல்லாவற்றையும் காலி செய்யும், தேவைப்படாது" என்று இருந்தது. படித்த பிள்ளை, சூளை வழக்கம் தெரியவில்லை என்று நினைத்து, கிளியர் அடித்தேன். பிறகு, வெளியே வருமுன் மறக்காமல் சேவ் செய்யவும் என்று நீங்கள் எழுதியிருந்தபடி, பிளாப்பியில் இருந்த அதே பெயரிலேயே சேவ் செய்தேன். மறுநாள் திறந்தால் ஒரு விதிகூட இல்லை. காலியாக இருந்ததைப் பத்திரமாகச் சேமித்திருக்கிறேன்.

ஜெயராஜிடம் ஓடினேன். "ஒரு தடவ சொன்னதுக்கே நாக்கு வறண்டு போச்சு. இன்னொரு தபா கேட்டீன்னா உன்னயே சூளையில அடுக்கிடுவேன்" என்று போய்விட்டார். நீங்கள் வேலையை விட்டது வீணாகிவிடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுத்துத் தெரியாமல் இருந்திருந்தால் இந்தத் தப்பு என்னால் முடிந்திருக்காது. என்னை மன்னிக்க வேண்டும். பூர்ணிமாவிடம் பக்குவமாகச் சொல்லவும். இருவரும் குறைவில்லாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
நல்லமுத்து

பின்குறிப்பு: நான்கு நாளாக எழுதிய மேற்படி கடிதத்தை வீரம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்த மேஸ்திரி பேசப் பேச நோட்டுல எளுதிக்கினு இருந்தீங்களே, அது வூட்டுலதான இருக்குது?" என்றாள். இருக்கிறது! கையெழுத்துப் பழக வேறு வாக்கியம் கிடைக்காமல் ஜெயராஜ் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். அறுபத்து மூன்றும் இருக்கின்றன. "டீ ஆறிப்போச்சுய்யா" என்று அவர் சொன்னதையும் பதினோரு இடத்தில் எழுதியிருக்கிறேன், அதை மட்டும் ஏற்ற வேண்டாம். நோட்டு இத்துடன் வருகிறது. இனி இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை. ஆனாலும் முதல் கடிதம், காலி செய்ய மனம் வரவில்லை. தபாலில் சேர்க்கிறேன்.