புல்லட்டில் நான் கண்ட குறைகள்

என் மனைவி பொன்னுமணியை வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஏமாற்றிவிடுவது என்று நான் உறுதி எடுத்துக்கொண்டது 1981ஆம் வருடம், ஆவணி மாதம், ராசிங்காபுரத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது.

நான் ராசிங்காபுரம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வீடு போடியில். காலை பஸ் நான் போய் நிற்பதற்குள் போய்விடும். மாலை பஸ் நான் வீடு சேர்ந்த பிறகுதான் வரும். அதாவது, நடந்தே வீடு சேர்ந்த பிறகு. மோட்டார் சைக்கிள் வாங்கலாம் என்று சொன்னதும் பொன்னுமணி மறு பேச்சில்லாமல் தலையாட்டினாள். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஊரில் அப்போது விலைக்கு வந்த பழைய வண்டிகள் இரண்டு. ஒன்று, தேங்காய் மண்டி கன்னையனின் ராஜ்தூத். நல்ல வண்டி. நீளமான சீட்டு. ஊர்ப் பெரியவர் மாதிரி அடக்கமாக நிற்கும். அதைப் பார்த்தால் மரியாதை வரும், ஆசை வராது.

இன்னொன்று புல்லட்.

மலையில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டின் மானேஜர், போடியில் குடியிருந்தவர், வேலையை விட்டுவிட்டுக் கோட்டயத்துக்கே திரும்பிப் போகிறவர், அதை விற்க இருந்தார். கறுப்பு டேங்க். அதன் ஓரத்தில் கையால் இழுத்த தங்கக் கோடு. உதைத்தால், அடுத்த தெருவில் படுத்திருக்கும் நாய் எழுந்து நின்று மரியாதை செய்யும். முக்கியமான விஷயம், அதற்கு ஒரே ஒரு சீட்டு. பின்னால் இரும்புக் கேரியர் மட்டும். அதில் ஒரு சாக்கு வைக்கலாம். மனைவியை வைக்க முடியாது.

இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஐம்பத்தாறு வயதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை புல்லட்டில் மலையடிவாரத்து முந்தல் தாண்டி, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக ஏறி, போடிமெட்டில் பனிக்குள் நின்று ஒரு டீ. ‘என்னங்க’ என்று யாரும் கூப்பிடாத மூன்று மணி நேரம். கல்யாணமாகி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அவள் அப்படி என்ன கொடுமை செய்துவிட்டாள்? ஒன்றுமில்லை. தனியாக ஓட வேண்டும் என்ற அரிப்பு ஏன் வந்தது என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

என் திட்டம் எளிமையானது. நான் எதைச் சொன்னாலும் பொன்னுமணி அதற்கு எதிராகத்தான் செய்வாள். சுவருக்கு நீலம் என்றேன், மஞ்சள் அடித்தாள். கத்தரிக்காய் என்றேன், புடலங்காய் வந்தது. ஒரு நாள் ‘மழை வரும்போல இருக்கு’ என்றேன். அவள் வடகம் பிழிந்து காயப்போட்டாள். மழையும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டு வராமலேயே இருந்துவிட்டது. ஆகவே ராஜ்தூத்தைப் புகழ வேண்டும். புல்லட்டைத் திட்ட வேண்டும். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன்.

“நமக்குக் கன்னையன் வண்டிதான் சரி.”

“எதனால?”

“நீளச் சீட்டு. நீ சௌகரியமா உக்காந்துக்கலாம்.”

அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறம் நின்றது. “நானா?”

“பின்னே? வண்டியே உனக்காகத்தான்.”

எடைக்கல்லைச் சந்தேகப்படுகிறவள் மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். “அந்த மானேஜர் வண்டி?”

“அதா? சீ! மனுசன் ஓட்டுவானா அத?”

“அப்படியா?” முறம் மறுபடி ஆடத் தொடங்கியது. “ரெண்டையும் ஒரு எட்டுப் பாத்துருவோம்.”

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். அந்தக் காலத்தில் போடித் தெருக்களில் சும்மா நடந்தாலே போதும். வீடு திரும்பும்போது சட்டையில் ஏலக்காய் மணக்கும். கன்னையன் வண்டியைப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பொன்னுமணி ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். சேலையைச் சரிசெய்தாள். இறங்கினாள். அவ்வளவுதான்.

மானேஜர் வீட்டில்தான் நான் என் முழுத் திறமையையும் காட்டினேன்.

“எம்புட்டு கனம்! சாஞ்சா தூக்க நாலு ஆளு வேணும்.”

“ம்” என்றாள் பொன்னுமணி.

“சத்தத்தக் கேட்டா தொட்டில்ல கெடக்குற பிள்ள காய்ச்சல்ல விழுந்துரும்.”

“ம்.”

“கிக்கர் ஒதச்சா திருப்பி ஒதைக்கும். கால ஒடச்சிரும்.”

மானேஜரின் முகம் வாடிவிட்டது. “எந்தா வாத்தியாரே இது? பத்து வர்ஷம் என்டெ மகன் மாதிரி வளத்ததாணு!”

“மகனக் கொஞ்சம் கண்டிச்சு வளத்திருக்கலாம் சார்” என்றேன். எனக்கே பாவமாக இருந்தது. நல்ல மனிதர். ஆனால் காரியம் பெரிதல்லவா? கறுப்பு நிறம் வீட்டுக்கு ஆகாது என்றேன். பெட்ரோலைப் பால் மாதிரி குடிக்கும் என்றேன். விளக்கு கண்ணைக் குத்துகிறது என்றேன். பகல் பதினொரு மணிக்கு.

பொன்னுமணி வண்டியை ஒரு சுற்று வந்தாள். என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது கேட்டேன். “என்ன சொல்றே?”

“நீங்க சொன்னதுதான் சரி.”

“எது?”

“கன்னையன் வண்டியவே முடிச்சிருவோம். மூணு வருசத்துல இன்னைக்குத்தான் ஒரு விசயத்த ஒழுங்காப் பாத்துச் சொல்லியிருக்கீக. அதப் போய் மறுத்தா சாமி கண்ணக் குத்திரும்.”

“இல்ல... அவசரப்பட வேணாம். யோசிச்சுப் பாத்தா புல்லட்டும் அம்புட்டு மோசமில்ல.”

“கால ஒடச்சிரும்னீகளே?”

“ஒடைக்கும். ஆனா முழுசா ஒடைக்காது.”

“அரையும் கொறையுமா நொண்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவீகளா? வேணாம் சாமி. எனக்கு நீங்க முக்கியம்.”

இதற்கு மேல் எந்தப் புருஷன் என்ன பேச முடியும்? மறுநாளே கன்னையன் வண்டி எங்கள் வீட்டு வாசலில் அடக்கமாக வந்து நின்றது.

குறை சொல்ல முடியாத வண்டி. ஒரே உதையில் கிளம்பும். பள்ளிக்கூடத்துக்கு நேரத்தோடு போனேன். அதைப் பார்த்துத் தலைமையாசிரியர் தன் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டார். ஆனாலும் தினமும் சாயங்காலம் மானேஜர் வீட்டுத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வருவேன். புல்லட் அங்கே நிற்கும். ஒரு நாள் அது இல்லை. வாசலில் எண்ணெய் சொட்டிய கறை மட்டும் இருந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. “வெயில்ல வந்தீகளா?” என்று கேட்டு மோர் கொடுத்தாள் பொன்னுமணி.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு. காலையிலேயே புதுச் சேலையில் நின்றாள்.

“போடிமெட்டு வரைக்கும் போய்ட்டு வருவமா?”

“அங்க என்ன இருக்கு? நீ பாக்காததா?”

“பாத்ததில்லையே.”

நான் நம்பவில்லை. அவள் அப்பா ஏலக்காய்க் கடை வைத்திருந்தவர். சடங்காகும் வரை கடையில் தரம் பிரித்துக் காய் பொறுக்கும் பெண்களோடு உட்கார்ந்து இவளும் பொறுக்கியிருக்கிறாள்.

“காயத்தான் பாத்திருக்கேன். செடியப் பாத்ததில்ல. ஜீப்புல ஆளுகள அடச்சுக் கொண்டு போவாக; பொம்பளப் பிள்ளைய யாரு கூட்டிட்டுப் போறா?”

மூன்று வருடத்தில் இதை ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. அவள் பிறந்து வளர்ந்த வாசலில் நின்று பார்த்தால் தெரிகிற மலைதான் அது. ஒற்றைச் சீட்டில் நான் தனியாகப் போய் டீ குடிக்கத் திட்டம் போட்டதும் அதே மலைதான். வண்டியை எடுத்தேன்.

ஒவ்வொரு வளைவிலும் என் தோளில் அவள் பிடி இறுகியது. பத்தாவது வளைவுக்குமேல் காற்று மாறியது. கீழே போடி, கோலத்துக்கு வைத்த புள்ளிகளைப் போலச் சிறுத்துக் கிடந்தது. மேலே போனதும் மரங்களுக்கு அடியில் ஓங்கி நின்ற செடிகளைக் காட்டினேன். இறங்கிப் போய், அதன் அடித்தூரில் தரையோடு படர்ந்திருந்த காய்களைக் குனிந்து தொட்டுப் பார்த்தாள்.

“அட, மண்ணுலயா காய்க்குது? நான் ஒசரத்துல தொங்கும்னுல்ல நெனச்சிருந்தேன்!” என்று சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. ராஜ்தூத்தின் மேல் எனக்கு முதல் தடவையாகப் பாசம் வந்தது.

டீக்கடையில் உட்கார்ந்தோம். பாதி டீயில் அந்தச் சத்தம் கேட்டது. தடக், தடக், தடக். என் நெஞ்சும் அதோடு சேர்ந்து அடித்தது. பனியைக் கிழித்துக்கொண்டு கறுப்பு டேங்க் வந்தது. தங்கக் கோடு வந்தது. ஓட்டி வந்தவன் என் மச்சினன் சுருளிவேல். எஸ்டேட் ஜீப்பு ஓட்டுகிறவன். பின்னால், புத்தம் புதிதாகப் போட்ட இரண்டாவது சீட்டில், மடியில் ஒரு வாழைத்தாரோடு என் மாமியார் மொக்கம்மாள்.

“வாங்க மாமா!” என்றான் சுருளிவேல். “வண்டி எப்படி? போன வாரந்தான் முடிச்சேன். நீங்க சொன்ன குத்தத்தையெல்லாம் அக்கா ஒண்ணு விடாமச் சொல்லி அனுப்புச்சு. அப்படியே ஒப்பிச்சேன். ஏற்கெனவே வாத்தியார் ஒருத்தர் சொன்னதுதானேன்னு, பாவம் அந்த மனுசன் நொந்து போய் வெலையக் கொறச்சுட்டாரு.”

நான் பொன்னுமணியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குப் புல்லட்டு மேலதான் ஆசன்னு உனக்கு முன்னாலயே தெரியுமா?”

“காய்க்கடையில எத்தன யாவாரியப் பாத்திருக்கேன். வேணாங்குற சரக்க யாரும் திட்ட மாட்டாக. பேசாம அடுத்த சாக்குக்குப் போயிருவாக. ஈரங்கிறது, நெறம் பத்தலங்கிறது, பொடிக்காய்ங்கிறது எல்லாம் வாங்கணும்னு முடிவு பண்ணின சாக்கத்தான். வாய் திட்டும், கை அந்தச் சாக்குக்குள்ளயே கெடக்கும்.”

“அதுக்கு?”

“கால ஒடைக்கும், கண்ணக் குத்தும்னு நீங்க அடுக்குனப்ப, உங்க கை டேங்கத் தடவிக்கிட்டே இருந்துச்சு. கன்னையன் வண்டிய ஒரு வார்த்த திட்டல. தொடக்கூட இல்ல.”

சுருளிவேல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான்.

“அது நல்ல வண்டின்னு தெரிஞ்சா நாமளே வாங்கியிருக்கலாமே?” என்றேன். குரல் எனக்கே பரிதாபமாகக் கேட்டது.

“நாம வாங்கியிருந்தா நீங்க மட்டும் வந்திருப்பீக. தம்பி வாங்கினான், இப்ப எல்லாரும் வந்திருக்கோம்.”

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு புல்லட்டின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“ஏறுறப்ப உங்களோட வந்துட்டேன்ல? எறங்குறப்ப இதுலயும் போய்ப் பாக்குறேன். அம்மாவப் பதனமாக் கூட்டிட்டு வாங்க.”

புல்லட் வளைவில் திரும்பி மறைந்தது. சத்தம் மட்டும் வெகு நேரம் பள்ளத்திலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. இத்தனை வருடம் கழித்தும், போடியில் எங்கேயாவது அந்தச் சத்தம் கேட்டால் நின்றுவிடுகிறேன். ஏங்குவது வண்டிக்காகவா, அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மொக்கம்மாள் என் பின்னால் ஏறினார். வாழைத்தாரை எனக்கும் தனக்கும் நடுவில் வைத்தார். சீட்டை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

“உங்க வண்டிதான் மாப்ளே மெத்து மெத்துன்னு இருக்கு. இனிமே ஞாயித்துக்கெழமைக்கு நான் உங்க கூடயே வந்துர்றேன்.”