தானே கிளம்பும் கார்

1938-ஆம் வருஷத்தில், உலகத்தில் தானாகவே கிளம்புவன இரண்டே இரண்டு. ஒன்று சூரியன். மற்றது, மலைநாட்டு முன்னேற்ற அதிகாரி வைத்தியலிங்கத்தின் கார். கைப்பிடி போட்டுச் சுற்றுவது இலாகாவின் கௌரவத்துக்குக் குறைவு என்று, அந்த இரும்புக் கைப்பிடியை அவர் ஆபீசிலேயே பூட்டி வைத்துவிட்டார். பொத்தானை அழுத்தினால் போதும், 'செல்ஃப்' பார்த்துக்கொள்ளும்.

டிரைவர் பொன்னனுக்கும் அதில் பெருமைதான், கொல்லிமலை அடிவாரத்தில் அந்த மழை பெய்யும்வரை.

மலைமக்களுக்குச் 'சுயமுயற்சி' பற்றி ஒன்றரை மணி நேரம் உபதேசித்துவிட்டு அதிகாரி காரில் ஏறினார். பொன்னன் பொத்தானை அழுத்தினான். கார் முனகியது, கிளம்பவில்லை.

அந்நேரம் மலைமேல் வாழவந்தி நாட்டிலிருந்து நான்கு பேர் மூங்கிலில் கட்டிய தூளி சுமந்து இறங்கினார்கள். தூளியில் சென்னம்மாள், இரண்டு நாளாகப் பிரசவ வலி.

"நாமக்கல் ஆஸ்பத்திரி வரைக்கும் ஏத்திக்குங்க சாமி," என்று அவள் தாய் கண்ணாயி கும்பிட்டாள்.

"மனு எழுதிக் கொடு, பரிசீலிக்கிறேன்," என்றார் அதிகாரி பெருங்கருணையோடு. "பொன்னா, மறுபடி செல்ஃப்!"

பதினாறு 'மறுபடி'க்குப் பிறகு, எஞ்சினைச் சுழற்றும் தெம்பு பேட்டரிக்கு இல்லை.

பொன்னன் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தான். "ஒயரெல்லாம் ஈரமுங்க. பொறி வரலீங்க. காஞ்ச துணி வேணுமுங்க."

அதிகாரியின் தோளில் பட்டு அங்கவஸ்திரம். "இது இலாகா சொத்தல்ல," என்று விளக்கினார்.

பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று மடியில் பொத்தி வைத்திருந்த பழஞ்சேலைத் துண்டைக் கண்ணாயி நீட்டினாள். "இந்தா கண்ணு, தொடை."

துடைத்ததும் பொறி வந்தது. இனித் தள்ளினால் போதும். தூளி சுமந்த நால்வரும் தள்ளினார்கள். அதிகாரி உள்ளிருந்து உற்சாகப்படுத்தினார். சேற்றில் சக்கரம் அசையவில்லை.

"சாமி கொஞ்சம் இறங்கினீங்கன்னா..." என்று இழுத்தான் தள்ளியவர்களில் ஒருவன்.

அதிகாரி தியாக உணர்வோடு குடை விரித்து இறங்கினார். "மழையில நனையறாங்க, கார் கிளம்பற வரைக்கும் உள்ள இருக்கட்டுங்க," என்று பொன்னன் தாயையும் மகளையும் பின்சீட்டில் ஏற்றினான். இருவரும் சேர்ந்தும் அவர் எடையில் பாதி இல்லை. ஒரே தள்ளு. கார் இருமிக்கொண்டு கிளம்பியது.

"நிறுத்துடா!"

"நிறுத்துனா அணைஞ்சு போயிருமுங்க!" பொன்னனின் குரல் வளைவில் தேய்ந்தது.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் சென்னம்மாளுக்குப் பெண் பிறந்தது. மறுநாள் பொன்னனுக்கு விசாரணை.

"காரில் அப்படி என்ன பழுது?" அதிகாரி பேனாவோடு உறுமினார்.

பொன்னன் கைகட்டி நின்றான்.

"ஈரந்தானுங்க எசமான். நம்ம இலாகாவுல அது இருந்தது அந்தக் காருக்கு மட்டுந்தானுங்க. அதையும் நான் தொடைச்சுட்டனுங்க."