பெரியம்மாவின் முப்பத்தோராம் நாள் தவறியது பற்றி

மல்வேர்ன்,
ஐப்பசி 20.

பெருமதிப்புக்குரிய றெமிஜியஸ் அண்ணைக்கு,

ஆண்டவரின் இரக்கம் மார்க்கம் நகரிலுள்ள உங்கள் வீட்டில் தங்குவதாக. நாங்கள் சுகம். நீங்கள் என் அழைப்பை எடுக்காதபடியால், உங்கள் சுகத்தை றீற்றா அன்ரியிடம் கேட்டு அறிந்துகொண்டேன்.

உங்கள் அம்மாவான கிளடிஸ் பெரியம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசை நடக்காமல் போனதற்கு முழுக் குற்றவாளி நான்தான். உங்கள் மகளின் கலியாணத்தில் என்னை ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருத்தியதையோ, பெரியம்மாவின் அடக்கப் பூசையில் வாசகம் வாசிக்க என்னைக் கூப்பிடாததையோ நான் இங்கே நினைவூட்டப் போவதில்லை. ஊர்ச்சங்கச் செயலாளர் என்ற முறையில், காலமானவர்களின் பட்டியலை வைத்திருந்து, முப்பத்தோராம் நாளைக் கணித்துப் பங்குத்தந்தைக்கு அறிவிப்பது என் பொறுப்பு. கணிதத்தில் பட்டம் பெற்றவன் விரல்விட்டு எண்ணுவதா? பெரியம்மா காலமான புரட்டாதி ஒன்பதாம் திகதியே எக்செல் அட்டவணையைத் திறந்து, திகதிக்குரிய கட்டத்தில், இன்றைய திகதியைத் தானாகவே போடும் சூத்திரத்தை இட்டேன். சரியான திகதி விழுந்தது. அடுத்த கட்டத்தில் அதோடு முப்பதைக் கூட்டினேன். அட்டவணையைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் அந்தச் சூத்திரம் அன்றைய திகதிக்கு மாறிவிடும் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. பத்தாம் நாள் நீங்கள் கேட்டபோது திறந்து பார்த்து, இன்னும் முப்பது நாள் இருக்கிறது என்றேன். இருபத்தைந்தாம் நாளும் அதையே சொன்னேன். "தம்பி, போன முறையும் முப்பதெண்டுதானே சொன்னனீ?" என்றீர்கள். "கணக்கைப் படிச்சவனிட்ட விடுங்கோ அண்ணை," என்றேன். என் மனைவி வேரோனிக்கா கோவில் கலண்டரில் எண்ணி ஐப்பசி ஒன்பது என்றாள். அவளுக்குக் கடதாசிக் கலண்டரின் குறைபாடுகள் பற்றி அரை மணித்தியாலம் விளக்கினேன். நாற்பதாம் நாள் நீங்கள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் வாசலில் நின்று, "எடேய் சீமோன், அம்மா ஒவ்வொரு நாளும் புதுசாச் சாகிறாவோ?" என்று கேட்டபோது, பட்டம் பெற்றவன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.

இப்போது எல்லாம் சரி. திகதியை அப்படியே தட்டினால் அது அசையாது என்று கண்டுபிடித்தேன். பெரியம்மாவின் சரியான திகதியைத் தட்டியதோடு நிற்காமல், அந்தக் கட்டத்தைப் பிரதியெடுத்துப் பட்டியலின் மற்ற எல்லாத் திகதிக் கட்டங்களிலும் ஒட்டி, அசையாத தன்மையை எல்லாருக்கும் வழங்கி, பங்குத்தந்தைக்கும் அனுப்பிவிட்டேன். வரும் சனிக்கிழமை பத்து மணிக்குப் பூசை, கட்டாயம் வாருங்கள்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் மாதாவின் காவல் கிடைக்கட்டும். மன்னிக்க மனமில்லாவிட்டால் தொலைபேசியையாவது எடுங்கள்.

பணிவன்புள்ள தம்பி,
சீமோன்

பி.கு.: சனிக்கிழமை வரவேண்டாம். பங்குத்தந்தை இப்போதுதான் அழைத்தார். எங்கள் சனம் நாற்பத்துமூன்று பேர் புரட்டாதி ஒன்பதாம் திகதி ஒன்றாகக் காலமானது எப்படி, பஸ் விபத்தோ என்று கேட்கிறார். விபரம் தெரியும்வரை பூசையை நிறுத்திவைத்திருக்கிறார். பட்டியலின் அடியில் செயலாளர் என்று போட்டிருந்த என் பெயருக்கு நேரேயும் அதே திகதி ஒட்டுப்பட்டிருக்கிறது. "உந்தத் திகதியை மட்டும் மாத்தாதேங்கோ," என்கிறாள் வேரோனிக்கா.