கழுவித் துடைத்த வால்வெள்ளி

குளியலறைக் கொடியில் கழுவிக் காய்வதற்காக உடுப்புக் கிளிப்பில் தொங்கவிட்ட பிலிமில் ஒரு தும்பு ஒட்டியிருந்தது. ஒரேயொரு தும்பு. யோகேந்திரன் அதை அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கண்டியில் ஒரு நில அளவைக் கந்தோரில் வரைபடம் வரைகிற மனிதர் அவர். ஒரு புள்ளி பிசகினாலும் சோறு இறங்காது. அந்தப் பிலிமில் இருந்ததோ எழுபத்தாறு வருடத்துக்கு ஒருமுறை வரும் ஹேலி வால்வெள்ளி. 1986 மார்ச்சில் யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் கமராவும் மூன்று கால் தாங்கியுமாக மலையேறுவதென்றால் சும்மாவா? பொலிஸில் கெஞ்சி, ஒரேயொரு விடியலுக்கு மட்டும் அனுமதி எடுத்து, காவலுக்கு வந்த கான்ஸ்டபிளோடு மடுல்கெல்லை மலைக்குப் போனார்.

வானத்தில் அதை வாலோடு கண்டார்கள். சந்தேகத்தோடு வந்த கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். 83 கலவரத்துக்குப் பிறகு மூன்று வருடமாகக் கூடவே இருந்த பயம் அந்த அரைமணி நேரம் எங்கே போயிற்று என்று யோகேந்திரனுக்குத் தெரியவில்லை.

எல்லாம் மாமனார் இராஜரத்தினத்துக்காக. ஊரில் சண்டை என்று மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர், எண்பத்திரண்டு வயது, கட்டிலை விட்டு எழும்ப இயலாது. ஆறு வயதில் தகப்பனின் தோளில் இருந்து வால்வெள்ளி பார்த்த கதையை அவர் சொல்லாத நாளில்லை. கண் மூடுவதற்குள் இன்னொருமுறை, படத்திலாவது, பார்க்க வேண்டுமாம்.

தும்பைப் பெனியனால் துடைத்தார். பெனியன் நூறு தும்பைக் கொடுத்தது. மறுபடி கழுவினார். காய்ந்தபோது துளி நின்ற இடமெல்லாம் வெள்ளைத் தழும்பு. துளி நிற்காமல் வழிந்தோட ஒரு மருந்து உண்டு. அது கொழும்பிலேயே கிடைக்கவில்லை. மனைவி லீலாதேவியின் ஷாம்பூவைக் கலந்தார். நுரையும் சேர்ந்து காய்ந்தது. லீலாதேவி பாவப்பட்டுத் தலை காயவைக்கும் மெஷினைப் பிடித்தாள். அது வீட்டுத் தூசி முழுவதையும் அழைத்துவந்து ஒட்டியது.

பஞ்சும் பொறுமையுமாக அரை நாள் போனபின், தேறிய ஒரேயொரு படத்தைத் தாளில் பிரதி எடுத்துப் பார்த்தார். இரண்டு வெள்ளைக் கறைகள் மிஞ்சியிருந்தன. ஒன்று மங்கல். மற்றது நீண்ட வாலோடு பளிச்சென்று இருந்தது.

"இதில எது வால்வெள்ளி?" என்று கேட்டாள் லீலாதேவி.

"வால் இருக்கிறதுதான்," என்றார் யோகேந்திரன். மங்கலைச் சவர பிளேட்டால் பிலிமில் சுரண்டி எறிந்தார்.

புதுப் பிரதி அருமையாக வந்தது. லீலாதேவி அதைத் தகப்பனிடம் கொண்டு ஓடினாள். பிலிமைச் சுருட்டும்போதுதான் யோகேந்திரன் கண்டார்: படமே எடுக்காத வெறும் துண்டில், அதே வாலோடு, இன்னும் மூன்று வால்வெள்ளிகள். எல்லாம் தண்ணீர் வழிந்து காய்ந்த அடையாளம். அப்படியென்றால் சுரண்டி எறிந்த மங்கல்தான் அசல். எழுபத்தாறு வருடம் பயணம் செய்து வந்ததை அவர் ஒரு பிளேட்டால் தீர்த்துவிட்டார். அடுத்தது 2061இல்.

ஊரையே ஏமாற்றலாம். ஆனால் வீட்டில் தன்னைத் தவிர அசலைக் கண்ட ஒரே மனிதர் அடுத்த அறையில் அல்லவா கிடக்கிறார்!

கட்டிலடியில் பக்கத்து வீட்டு ஹபீலும் மனைவி ஸக்கியாவும் நின்றார்கள். கிழவர் கண்ணாடியைப் போட்டு, படத்தை இரு கைகளாலும் பிடித்திருந்தார். கன்னத்தில் நீர் ஓடியது. ஹபீல் மெல்ல இறைவனைத் துதித்தார். அந்த முகத்தைப் பார்த்ததில், அது தண்ணீர்க் கறை என்பது யோகேந்திரனுக்கே ஒரு கணம் மறந்துபோயிற்று.

"ஐயா, அந்தக் காலத்துல கண்டதும் இப்படித்தானா?" என்று ஸக்கியா கேட்டாள்.

"அச்சொட்டா இதேதான், பிள்ளை," என்றார் கிழவர்.

எல்லோரும் போனபின் யோகேந்திரனுக்கு மனம் கேட்கவில்லை. பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாமா, ஒரு பிழை நடந்துபோச்சு. இந்தப் படம்..."

கிழவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறும் தம்பி, முதல்ல நான் ஒண்டு சொல்ல வேணும். என்ர ஐயா என்னைத் தோளில தூக்கினது உண்மைதான். ஆனா நான் அதிலேயே நித்திரை. என்ர சீவியத்தில வால்வெள்ளியை இண்டைக்குத்தான் முதல்முதல் காணுறன்."